தாளம் இல்லாட்டா எழவுப் பாட்டா, வே?

பாட்டு நல்லாருக்கு என்று சொன்னவரின் சட்டையைப் பிடித்து உலுக்கிய பாடகன் சங்கரன்கோவிலில் ஒருத்தன்தான் உண்டு. அவன் வெள்ளத்துரை. உலுக்கப்பட்டவர் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிற ஒரு நல்ல மனுஷன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் வெள்ளத்துரையை அடையாளம் கண்டுகொண்டு, தானே வலிய வந்து கையைப் பிடித்தார்.

"அண்ணாச்சி, 'மெதுவா'ன்னு ஒரு ஆல்பம், அது நீங்கதான பாடுனது?"

வெள்ளத்துரைக்குக் காது குளிர்ந்துபோயிற்று. "ஆமா. கேட்டியளா?"

"கேட்டேனாவா! எங்க அப்பாவ வீட்டவிட்டு எடுக்குத வரைக்கும் அதுதான ஓடிச்சு. ரேடியோ செட்டுக்காரன் மாத்தப் போனான், நான் விடல. அதுவும் அந்த நாலாவது பாட்டு இருக்கு பாத்தியளா, 'புடிச்சிருக்கேன் புடிச்சிருக்கேன்'னு... எங்க அக்கா அதக் கேட்டு மயங்கி விழுந்துட்டா."

இந்த இடத்தில்தான் சட்டை பிடிபட்டது.

"ஸ்கூட்டர் ஓட்டப் பழகுத பாட்டுவே அது! ஸ்கூட்டர்! ஒங்க அப்பாவுக்கு எதுக்குவே ஸ்கூட்டரு?"

டீ மாஸ்டரும் இன்னும் இரண்டு பேரும் வந்து விலக்கிவிட்டார்கள். எலுமிச்சைக்காரர் பட்டனைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "நல்லாருக்குன்னுதானய்யா சொன்னேன், அதுக்குப் போயி..." என்று எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வெள்ளத்துரை பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு, தன் லோடு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவனுடைய கோபம் ஊருக்குத் தெரிந்ததுதான். அவன் பிறந்தது விசைத்தறித் தெருவில். வீட்டுக்கு வீடு தறி. விடிந்ததிலிருந்து டக்கு டக்கு என்று அடித்துக்கொண்டே இருக்கும். அந்தத் தெருவில் தாகத்துக்குத் தண்ணி கேட்பதாக இருந்தாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர்கள் முதல் ஒரு மாதம் வீட்டில் சதா சண்டை நடக்கிறது என்று நினைத்து அழுவார்கள். பிறகு அவர்களும் கத்தப் பழகிவிடுவார்கள். வெள்ளத்துரை எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தறியில் நின்றான். தறிச் சத்தத்துக்கு மேலே எட்டுகிற மாதிரிப் பாடினான். அந்தத் தொண்டையைக் கேட்டுத்தான் இன்னிசைக் குழுக்காரர் ஒருவர் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்.

கோயில் கொடைத் திருவிழா, கட்சிக் கூட்டம், காதுகுத்து என்று வருஷக்கணக்காய் மேடை ஏறினான். ஏறி என்ன? மேடையில் அவன் பேரை யாரும் சொன்னதில்லை. இன்ன சினிமாப் பாடகர் குரலில் இப்போது ஒருவர் பாடுவார் என்பார்கள். அந்த ஒருவர்தான் வெள்ளத்துரை. அச்சு அசலாய் அடுத்தவன் குரலில் பாடுவான், விசில் பறக்கும். அந்த விசில் தனக்கில்லை என்பது அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்த பிறகு பொறுக்க முடியவில்லை.

ராயகிரிப் பக்கம் ஒரு கொடையில், குழுவுக்குள் முன்கூட்டியே கேட்டு வைத்து, தானே எழுதிய ஒரு பாட்டை எடுத்தான். மெதுவான பாட்டு. பல்லவி முடிவதற்குள் கூட்டத்திலிருந்து குத்துப் பாட்டு கேட்டார்கள். குழுக்காரர் சவுண்டு ஆளுக்குக் கண்ணைக் காட்ட, வெள்ளத்துரையின் மைக் செத்துப் போயிற்று. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் மேடையைவிட்டு இறங்கினான். இறங்கும்போது மைக் ஸ்டாண்டை ஒரு மிதி மிதித்துவிட்டுத்தான் இறங்கினான். அதன் பிறகு அவன் எந்த மேடையிலும் ஏறவில்லை. லோடு வண்டி ஒன்று எடுத்து, தறி முதலாளிகளின் துண்டுகளைக் கட்டிய பொதிகளை, பேல் என்பார்கள், ஏற்றி இறக்கிப் பிழைத்தான்.

பிழைப்பு ஓடியது, பாட்டு நிற்கவில்லை. இவ்வளவு கோபக்காரனுக்கு உள்ளே எப்படி அவ்வளவு மெதுவான பாட்டுகள் ஊறின என்பது யாருக்கும் விளங்கவில்லை. வண்டி ஓட்டும்போது எதிரே வருகிறவனைக் கெட்ட வார்த்தையில் வைவான். அடுத்த வளைவில் முனகுவான். அப்படி முனகி முனகி எட்டுப் பாட்டு சேர்ந்தது. எல்லாம் பக்கத்தில் நடந்ததைப் பற்றியவை. கீழே விழுந்த பேலைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் பூனை குட்டி போட்டிருந்தது ஒரு பாட்டு. பொண்டாட்டி முத்துத்தாய் கோபத்தில் உப்பு அள்ளிப் போட்ட குழம்பை அவன் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டது ஒரு பாட்டு. தங்கை மகள் அனுவுக்கு ஸ்கூட்டர் பழக்கிக் கொடுத்ததுதான் அந்த நாலாவது பாட்டு.

இவற்றைப் பதிவு செய்ய வேண்டும். தறித் தெருவில் எங்கே பதிவு செய்வது? சுவரெல்லாம் அதிரும். கடையநல்லூரில் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிற முகம்மது சாதிக் என்கிற பையன் அவனுக்குப் பழக்கம். துபாயில் ஒரு சவுண்டு கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவன். அவன் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "அண்ணாச்சி, இந்தத் தெருவே ஒரு டிரம்ஸுல்லா. எப்ப ஓயும்?"

மாதத்தில் ஒரு நாள் ஓயும். மின்வாரியக்காரர்கள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துகிற நாள். அன்றைக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை எல்லாத் தறியும் நிற்கும். தெரு செத்த மாதிரி ஆகிவிடும். தறிக்காரர்கள் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு ராஜபாளையம் பக்கம் சினிமாவுக்குப் போய்விடுவார்கள். வெள்ளத்துரை ஒரு தறிக் கிட்டங்கிக்குள் போய், துண்டு பேல்களைச் சுவரோரமாய் எதிரொலி வராமல் அடுக்கிவைத்து, நடுவில் உட்கார்ந்து பாடினான். குழுவில் இருக்கும்போது பழகிய கிட்டார் ஒன்று, பேட்டரியில் ஓடுகிற சாதிக்கின் லேப்டாப் ஒன்று, மைக் ஒன்று. அவ்வளவுதான். ஒரு கரண்ட் கட்டுக்கு ஒரு பாட்டு. சில மாதம் அதுவும் தேறாது. பாதிப் பாட்டில் பழைய இரும்பு வாங்குகிறவன் வண்டியில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு வந்துவிடுவான். வெள்ளத்துரை கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் அவனோடு மல்லுக்கு நிற்பான். திரும்பி வந்து உட்காரும்போது மூச்சு வாங்கும், அதில் பாட முடியாது. அந்த மாதம் போச்சு.

சாதிக் ஒரு தடவை, "லேசா ஒரு தாளம் மட்டும் வச்சிருவோமா அண்ணாச்சி? கேக்கதுக்கு எடுப்பா இருக்கும்" என்று கேட்டுப் பார்த்தான்.

"ஏம்வே, பொறந்ததுலருந்து தாளத்துக்குள்ளதான்வே கெடக்கேன். அது இல்லாம ஒரு எட்டுப் பாட்டு கேக்கப்பிடாதா நான்? ஒரு தட்டு உள்ள விழுந்துச்சு, அடுத்த தட்டு ஒம்ம லேப்டாப்பு மேல விழும்."

தாளம் இல்லாமலே முடிந்தது. 'மெதுவா' என்று பேர் வைத்து இணையத்தில் ஏற்றினார்கள். அட்டைப் படத்தில் முதன்முதலாக அவன் பேர். வெள்ளத்துரை என்று, வேறு யார் குரலும் இல்லாமல்.

ஊரில் அதைக் கேட்டவர்கள் நாகரிகம் கருதி வேறு பேச்சு பேசினார்கள். ஒரு சொந்தக்காரன் மட்டும் முதல் பாட்டை முழுசாகக் கேட்டுவிட்டு, "சரி மச்சான், பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்றான். அவனோடு இன்றுவரை பேச்சு கிடையாது. முத்துத்தாய் உப்புக் குழம்புப் பாட்டைக் கேட்டு, "ஊருக்கெல்லாமா சொல்லுவிய இத?" என்று சண்டைக்கு வந்தாள்.

ஒழுங்காகக் கேட்டது அனு ஒருத்திதான். நாலாவது பாட்டு முடிந்ததும் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றாமலே கேட்டாள். "மாமா, நீங்க நெசமாவே எப்ப கைய விட்டிய?"

"தேர் நிக்குத இடத்துக்கிட்ட."

"அப்பவேவா? பொறவு எதுக்கு ரத வீதி முடியுத வரைக்கும் புடிச்சிருக்கேன் புடிச்சிருக்கேன்னு கத்திக்கிட்டே ஓடி வந்திய?"

"நீ விழுந்துருவன்னுதான்."

அவள் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "என் கல்யாணத்துக்கு இதுதான் போடணும். நான் ரூம்லருந்து மணவறைக்கு வரும்போது. வேற பாட்டு போட்டா நான் வரமாட்டேன், சொல்லிட்டேன்."

வெள்ளத்துரை சரி என்றான். பாட்டு பிறந்ததற்கு அது போதும் என்று இருந்தது அவனுக்கு. ஊர் கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன.

அப்படியே விட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் ஆசை யாரை விட்டது? ரேடியோ செட் வைத்திருக்கிற மாரிக்கண்ணன் அவனோடு எட்டாவது வரை படித்த கூட்டாளி. கல்யாணம், காட்சி, எழவு எதுவென்றாலும் அந்தப் பக்கத்தில் குழாய் கட்டுகிறவன் அவன்தான். வெள்ளத்துரை ஒரு பென்டிரைவில் எட்டுப் பாட்டையும் போட்டு அவன் கையில் கொடுத்தான். "ஏலே, எங்கயாவது போடுலே. நம்ம ஊருக்காரன் பாட்டு நம்ம ஊருக்குக் கேக்கட்டும்." மாரிக்கண்ணனும் சந்தோஷமாய் வாங்கிக்கொண்டான்.

அதற்குப் பிறகு நடந்தது வெள்ளத்துரைக்கு ரொம்ப நாள் தெரியாது. பேல் ஏற்றிக்கொண்டு வெளியூர் போய் வருகிறவனுக்கு எந்தத் தெருவில் யார் செத்தார்கள் என்று தெரியுமா? வாசுதேவநல்லூர் பக்கம் ஒரு தெருவுக்குள் வண்டியைத் திருப்பியபோதுதான் தன் குரலைக் குழாயில் கேட்டான். கேட்டதும் வண்டியை ஓரங்கட்டினான். உடம்பெல்லாம் சிலிர்த்தது. இறங்கி, சத்தம் வந்த திசையில் பல்லெல்லாம் தெரிய நடந்தான். திரும்பினால் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, நடுவில் கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு பெரியவர். பெட்டியைச் சுற்றிப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டிருக்க, மேலே குழாயில் பூனை குட்டி போட்டுக்கொண்டிருந்தது.

பிறகு காது அதையே தேட ஆரம்பித்துவிட்டது. எந்த ஊர் எழவானாலும் 'மெதுவா'தான். அவன் வண்டியைப் பார்த்துச் சில வீட்டில் பெண்கள் வாசலைவிட்டு உள்ளே போனார்கள். அவன் வீட்டிலேயே ஒரு நாள் போனில் போட்டபோது முத்துத்தாய் ஓடி வந்து நிறுத்தினாள். "வெள்ளிக்கெழமையும் அதுவுமா வீட்டுக்குள்ள போடாதிய. எழவு வீடு மாதிரி இருக்கு."

"ஒன்னப் பத்துன பாட்டுட்டி அது!"

"அதுக்குத்தான் சொல்லுதேன். நான் இன்னும் இருக்கேன்."

டீக்கடைச் சம்பவம் நடந்தது இந்தச் சமயத்தில்தான். அனுவுக்கு மாப்பிள்ளை நிச்சயமாகி, கல்யாணம் கிட்ட வந்திருந்தது. டீக்கடையிலிருந்து வண்டியை நேராய் மாரிக்கண்ணன் கடைக்கு விட்டான். மாரிக்கண்ணன் ஒரு குழாயைக் கவிழ்த்துப் போட்டு ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, என் பாட்ட எழவுக்குப் போடச் சொல்லி ஒனக்கு யாருலே சொன்னது?"

"வாலே, இரு. டீ சொல்லட்டுமா?"

"டீயக் கொண்டு ஒன் தலையில ஊத்து. பதில் சொல்லு."

மாரிக்கண்ணன் சாவகாசமாய்த் துணியை உதறினான். "நீதானல கொண்டாந்து குடுத்த, ஊருக்குக் கேக்கட்டும்னு? இந்தா பாரு, எங்கிட்ட மூணு ஃபோல்டர்தான் இருக்கு. கோயில், கல்யாணம், எழவு. ஒன் பாட்டுல சாமி பேரு இல்ல, அதனால கோயில்ல சேராது. மேளம், டிரம்ஸு ஒண்ணு கெடையாது, கல்யாணத்துலயும் சேராது. பொறவு நான் எங்கனல போட?"

"தாளம் இல்லாட்டா எழவுப் பாட்டா, வே?"

"நம்ம ஊருல அப்படித்தான. நீயே சொல்லு, இதுக்கு முந்தி தாளம் இல்லாத பாட்ட நீ எங்க கேட்டிருக்க?"

வெள்ளத்துரை யோசித்தான். கேட்டதில்லை. அதனால் இன்னும் கோபம் வந்தது.

"அழிச்சிரு. இப்பவே அழி. எம் முன்னாடி அழி."

"நான் அழிச்சா? புளியங்குடிச் செட்டுக்காரன் காப்பி எடுத்துட்டுப் போயி வருஷமாச்சு. ராயகிரிக்காரன், சிவகிரிக்காரன் எல்லாவங்கிட்டயும் இருக்கு. எல்லாவனும் எழவு ஃபோல்டர்லதான் வச்சிருக்கான்." மாரிக்கண்ணன் குரலைக் கொஞ்சம் இறக்கினான். "கோவிச்சுக்கிடாத மக்கா. கல்யாண வீட்டுல எவன் பாட்டுக் கேக்கான்? திங்கான், பேசுதான், போறான். எழவு வீட்டுலதான் அத்தன பேரும் வாய மூடிக்கிட்டு உக்காந்திருக்கான். ஒன் பாட்ட வார்த்த வார்த்தையாக் கேட்டது அவங்கதான்ல."

"ஒன் வாயில மண்ண அள்ளிப் போட."

"போடு. ஆனா நெசத்த சொல்லுதேன்."

வெள்ளத்துரை அந்தக் குழாயை ஒரு உதை விட்டான். அது உருண்டுபோய் வாசல் படியில் முட்டி நின்றது. பிறகு விரலை நீட்டிச் சொன்னான். "அனு கல்யாணத்துக்கு நாலாவது பாட்டு போடுத. அவ ரூம விட்டு வெளிய வரும்போது. எந்த ஃபோல்டர்ல வைப்பியோ தெரியாது. போடல, மண்டபத்துல ஒன் ஆம்ப்ளிஃபயர் இருக்காது."

"போடுதேன்ல, போடுதேன். அதுக்கு எதுக்குக் குழாய ஒதைக்க?"

கல்யாணம் ராஜபாளையம் ரோட்டில் ஒரு மண்டபத்தில். மாப்பிள்ளை வீடு வாசுதேவநல்லூர். மாப்பிள்ளையின் அப்பா கோமதிநாயகம் குளத்துப் பாசனத்தில் நெல் போடுகிற சம்சாரி. நெட்டையான ஆள், அதிகம் பேச மாட்டார். அன்றைக்குக் காலையில் தாய்மாமன் வெள்ளத்துரை பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, சமையல்காரரிலிருந்து பூக்கட்டுகிறவர் வரை எல்லாரையும் அதட்டிக்கொண்டு திரிந்தான். அவனுக்குச் சந்தோஷம் என்றால் அப்படித்தான்.

முகூர்த்தத்துக்கு முன்னால் மாரிக்கண்ணன் சரி பார்ப்பதற்காக நாலாவது பாட்டைக் கொஞ்சம் ஓடவிட்டான். அங்கேதான் வினை.

கிட்டார் இரண்டு தடவை அதிர்ந்து, "ரெண்டு காலையும் தூக்கிக்கோ புள்ள" என்று குரல் எழும்பியதும் மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுபோனார்கள். ஒரு பொம்பளை முந்தானையை வாயில் வைத்தாள். காது மந்தமான பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தவனைத் தட்டி, "யாருய்யா போயிட்டா?" என்று கேட்டார்.

"எந்த மூதேவில கல்யாண வீட்டுல எழவுப் பாட்டப் போட்டது?" என்று ஒரு சத்தம். நாலைந்து இளவட்டங்கள் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்து ஓடின. வெள்ளத்துரை அவர்களுக்கு முன்னால் போய் நின்றுகொண்டான்.

"கை வச்சா கை இருக்காது. எம் பாட்டு இது. எம் மருமவளுக்கு நான் எழுதுன பாட்டு."

"எழுதுனா ஒம்ம வீட்டுல வச்சுப் போடும்வே. நல்ல காரியம் நடக்குத எடத்துல..."

"இதுல என்னவே கெட்ட காரியம் இருக்கு? ஒரு வார்த்த காட்டு. சாவப் பத்தி ஒரே ஒரு வார்த்த காட்டு, இந்த மண்டபம் பூரா நான் கூட்டிப் பெருக்குதேன்!"

கூட்டம் கூடிவிட்டது. வெள்ளத்துரையின் தங்கை வள்ளித்தாய் ஓடி வந்தாள். "அண்ணே, ஒங்க கால்ல விழுதேன். தாலி ஏறட்டும், பொறவு எவனையும் வெட்டுங்க." அதற்குள் கோமதிநாயகம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"சம்பந்தி, பாட்ட நிறுத்தச் சொல்லும்."

"ஏன் நிறுத்தணும்? வார்த்தயக் கேளும் முதல்ல."

"வார்த்த எனக்குத் தெரியும்வே. ஒம்ம விட நல்லாவே தெரியும்." அவர் குரல் ஏறவில்லை. "போன ஐப்பசியில எங்க அண்ணன் வயலுக்குத் தண்ணி பாய்ச்சப் போனவரு வரப்புலயே கெடந்தாரு. குளிப்பாட்டத் தண்ணி எடுக்க நீர்மாலைக்குப் போனப்ப இதுதான் ஓடுச்சு. குளிப்பாட்டும்போது இதுதான். அந்தா தூணுக்கிட்ட உக்காந்திருக்கா பாரும், அதுதான் அவரு பொண்டாட்டி. இன்னைக்குத்தான் வீட்டவிட்டு வெளிய வந்திருக்கா. நீரு போடணும்னா போடும். அவ மொகத்தப் பாத்துக்கிட்டே போடும்."

வெள்ளத்துரை திரும்பிப் பார்த்தான். தூணுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சேலை, குனிந்த தலை. காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரோ முதுகைத் தடவிவிட்டார்கள்.

அடிக்க ஆள் இருந்தால் அடிக்கலாம். அங்கே அடிக்க ஆளே இல்லை. மாரிக்கண்ணன் ஒரு ஃபோல்டரில் போட்டான், ஒருத்தன் காப்பி எடுத்தான், எவனோ ஒருவன் கோமதிநாயகத்தின் வீட்டு வாசலில் குழாய் கட்டினான். அந்தப் பாட்டு அந்தம்மாளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. இனிமேல் அது ஸ்கூட்டர் பாட்டுதான் என்று அவளிடம் போய்ச் சட்டம் பேச முடியுமா? அவனுக்குப் பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

"நிறுத்துல" என்றான்.

மாரிக்கண்ணன் எப்போதோ நிறுத்திவிட்டிருந்தான். வெள்ளத்துரை பென்டிரைவைப் பிடுங்கி இடுப்பில் சொருகிக்கொண்டு யாரையும் பாராமல் போனான். அன்றைக்கு ஒரு நாள் அவன் கோபத்தை விழுங்கினான் என்று வள்ளித்தாய் இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறாள். அவன் எங்கே விழுங்கினான்? மணமகள் அறை வரைக்கும் வாயிலேயே வைத்துக்கொண்டு போனான்.

அறையில் அனு தலை நிறையப் பூவோடு உட்கார்ந்திருந்தாள். மேக்கப்காரப் பெண் பொட்டைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

"மாமா, பாட்டு பாதியில நின்னுட்டு. கரண்டு போயிட்டா?"

"பாட்டு கெடையாது."

"என்ன கெடையாது?"

"கெடையாதுன்னா கெடையாது. ஒன் மாமனாரு வீட்டுல அதுக்கு ஆள் செத்திருக்கு. மேளத்தோட வா. எல்லாவளும் அப்படித்தான் வாரா."

அனு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அழவில்லை. அவளும் தறித் தெருப் பிள்ளைதான். "நீங்க வாக்குக் குடுத்திய."

"அதுக்கு இப்ப நான் என்னட்டி செய்ய? அந்தப் பொம்பள காதப் பொத்துதா. அவ காதுக்குள்ள நான் எதக் கொண்டு அடைக்க?"

"அவங்களுக்குப் போடாண்டாம். எனக்குத்தான கேட்டேன். நான் இங்கன இருக்கேன்."

வெள்ளத்துரை அவளை முறைத்தான். பிறகு திரும்பி மேக்கப்காரப் பெண்ணைப் பார்த்து, "நீ செத்த வெளிய நில்லும்மா" என்றான். அவள் பயந்துபோய் வெளியே ஓடினாள். அவன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். ஜன்னலையும் சாத்தினான். அறையில் கிட்டார் இல்லை, மைக் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தான்.

முதல் வரி கோபத்திலேயே வந்தது, திட்டுகிற மாதிரி. "நிறுத்துங்க. இப்படியா பாடி வச்சிருக்கிய?" என்றாள் அனு. அவன் தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு மறுபடியும் ஆரம்பித்தான்.

*ரெண்டு காலையும் தூக்கிக்கோ புள்ள,*
*ரோட்டப் பாரு, என்னப் பாக்காத.*
*புடிச்சிருக்கேன் புடிச்சிருக்கேன்னு சொல்லிக்கிட்டே*
*எப்பவோ விட்டுட்டேன் புள்ள,*
*நீதான் ஓட்டுத, நீதான் ஓட்டுத.*

அனு சீவி முடித்த தலையை ஆட்டக் கூடாது என்பதால் உடம்பை அசைக்காமல் கேட்டாள். கை மட்டும் முழங்காலின் மேல் ஆக்சிலேட்டரைத் திருகிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் வெள்ளத்துரைக்குச் சிரிப்பு வந்து, அடுத்த அடி கொஞ்சம் நடுங்கியது. அது எழவுக்கும் இல்லை, ஊருக்கும் இல்லை. யாருக்கு எழுதினானோ அவள் காதில் விழுந்துகொண்டிருந்தது.

இரண்டாவது சரணத்தில் கதவைத் தட்டினார்கள்.

"முகூர்த்தத்துக்கு நேரமாச்சு! பொண்ணக் கூட்டிக்கிட்டு வரச் சொல்லுதாரு ஐயரு!"

அவன் பாடிக்கொண்டே இருந்தான். மறுபடியும் தட்டினார்கள், இந்தத் தடவை உள்ளங்கையால் கதவு அதிர அதிர.

"பாடி முடிக்கட்டும்வே! எவம்ல அது, கதவ ஒடைக்கவன்!" தறித் தெருக் குரல் மண்டபம் முழுக்க விழுந்தது. அந்தச் சத்தத்தின் நுனியிலிருந்து அப்படியே இறங்கி, விட்ட அடியைப் பிடித்துக்கொண்டான். சரணம் முழுசும் பாடினான். கடைசி வரியை அவன் வழக்கத்தைவிட மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி வைத்தான்.

பாட்டு முடிந்தது. அனு எழுந்து அவன் முதுகில் ஒன்று வைக்கப் போனாள். பட்டுச் சேலை தடுக்கியது, விட்டுவிட்டாள். "சரி, போவோம்" என்றாள்.

கதவைத் திறந்தான். நிலையை ஒட்டிக் கோமதிநாயகம் நின்றிருந்தார். மற்றவர்களைத் தள்ளிப்போகச் சொல்லிவிட்டு அவர் மட்டும் நின்றார் போலிருக்கிறது. கண் சிவந்திருந்தது. வெள்ளத்துரை சண்டைக்குத் தோளை நிமிர்த்திக்கொண்டான்.

"ரெண்டாவது சரணத்துல," என்றார் கோமதிநாயகம், "அந்த நாலாவது அடி. எங்க வீட்டுல ஓடுனதுல அப்படி இல்லையே. அங்கன இழுத்துல்லா வரும்?"

"கதவப் போட்டு அந்தத் தட்டுத் தட்டுனா எப்படிவே இழுக்கும்? ஒம்ம ஆளுகளுக்கு அறிவு வேண்டாமா? ஒரு மனுஷன் பாடிக்கிட்டு இருக்கான்னு தெரியாதா?"

"சரிவே, சரி. கத்தாதேயும். பிள்ளையக் கூட்டிக்கிட்டு வாரும்."

"கூட்டிக்கிட்டுத்தான வாரேன்! நீரு வழிய அடைச்சுக்கிட்டு நின்னா எந்த வழியா வர?"

கோமதிநாயகம் ஒதுங்கினார். மேளம் எழும்பியது. வெள்ளத்துரை அனுவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, குறுக்கே வந்த கேமராக்காரனை வைதுகொண்டே மணவறைக்கு நடந்தான்.